கொலையாளி யார்? – ஊகிப்பதும் உய்த்துணர்வதும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை. புழலில் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடி ‘அந்த நாள்’ படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1954இல் ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் இயக்கிய படம் அது. பாட்டே கிடையாது. படம் தொடங்கியதுமே கதாநாயகன் சுடப்பட்டு விழுகிறான். சுட்டது யார் என்பதுதான் மீதிக் கதை.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகன், “அந்தச் சம்சாரம்தான் மாமா சுட்டிருக்கும்” என்றான். கடைசியில் அதுவே உண்மையாயிற்று. வீட்டில் எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். நானும் “சபாஷ்” என்றேன். பிறகு, “எப்படிக் கண்டுபிடிச்சே?” என்று கேட்டேன்.

“யாரு மேல சந்தேகமே வரலியோ, அவங்கதான் மாமா பண்ணியிருப்பாங்க. எல்லாப் படத்துலயும் அப்படித்தானே?”

விடை சரி. ஆனால் வழி? படத்தில் உள்ள ஒரு தடயத்தையும் அவன் தொடவில்லை. அவன் சொன்ன காரணம் வேறு எந்தப் படத்துக்கும் அப்படியே பொருந்தும். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இது உறுத்தலாகவே இருந்தது. அந்த உறுத்தலின் விளைவே இக்கட்டுரை.

ஓர் எச்சரிக்கை. இரண்டு பழைய படங்களின் முடிவை இங்கே சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். பார்க்காமலே படித்தாலும் இழப்பு அவ்வளவு பெரிதன்று என்பதைப் பின்னால் காண்போம்.

இருவகை ஊகங்கள்

கதையின் முடிவை நாம் இரண்டு வழிகளில் ஊகிக்கிறோம். ஒன்று, கதைக்கு வெளியே நின்று ஊகிப்பது. ‘பெரிய நடிகர் சின்ன வேடத்தில் வருகிறாரே, அவர் சும்மா வரமாட்டார்’, ‘இன்னும் நாற்பது பக்கம் மீதி இருக்கிறது, ஆகவே இப்போது பிடிபட்டவன் குற்றவாளி அல்லன்’ என்பன இவ்வகை. இவை கதாசிரியரின் பழக்கத்தைப் பற்றிய ஊகங்களே தவிர, கதையில் நடந்ததைப் பற்றியவை அல்ல.

மற்றொன்று, கதைக்கு உள்ளே இருக்கும் சான்றுகளைக் கொண்டு முடிவுக்கு வருவது. யார் எங்கே இருந்தார்கள், யாருக்கு என்ன தெரியும், எது எதற்குப் பொருந்துகிறது என்று எடைபோடுவது. இதை உய்த்துணர்தல் என்று சொல்லலாம்.

செய்முறைத் தேர்விலும் இந்த இரண்டு வகையினர் உண்டு. தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை மாணவர்கள் அறிவார்கள். விடை 980 அல்லது 981 சென்டிமீட்டர் அளவில் வரும் என்பதும் எல்லோருக்கும் முன்பே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு மாணவர்களின் பதிவேடுகள் என் கைக்கு வந்தன. ஒருவர் 60, 80, 100 செ.மீ. நீளங்களுக்கு முறையே 995, 991, 988 என்று விடை எழுதியிருந்தார். மற்றவர் மூன்றுக்கும் 981ஐ ஒட்டியே எழுதியிருந்தார். முதல்வரின் பதிவேட்டில் ‘கவனக்குறைவு’ என்று சிவப்பு மையால் எழுதினேன். இரண்டாமவரைப் பாராட்டினேன். இந்த இருவரிடமும் பிறகு திரும்பி வருவோம்.

சான்றின் எடை

சான்று என்பது என்ன? ஒரு செய்தி எப்போது சான்றாகிறது? இதற்கு ஒரு கணக்கு முறை உண்டு. தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி, அவர் மறைந்தபின் 1763இல் வெளியான கட்டுரை ஒன்று அதற்கு அடிப்படை.

ஒரு கதையில் ஐந்து பேர் மேல் சந்தேகம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் யாரையும் தனித்துச் சந்தேகிக்கக் காரணமில்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் எடை 1 கொடுப்போம். மொத்தம் 5. ஒவ்வொருவரும் குற்றவாளியாக இருக்கும் நிகழ்தகவு ஐந்தில் ஒன்று, அதாவது 20 விழுக்காடு.

இப்போது ஒரு தடயம் கிடைக்கிறது. இரண்டாமவர் குற்றவாளியாக இருந்தால் அத்தடயம் கிடைக்கும் வாய்ப்பு, மற்றவர்கள் குற்றவாளியாக இருந்தால் கிடைக்கும் வாய்ப்பைப் போல் நான்கு மடங்கு என்று கொள்வோம். அவர் எடையை 4ஆல் பெருக்குகிறோம். எடைகள் 1, 4, 1, 1, 1 ஆகின்றன. மொத்தம் 8. அவருடைய பங்கு 4/8, அதாவது 50 விழுக்காடு. இதே வலிமையுள்ள, ஆனால் முதல் தடயத்தைச் சாராத, இன்னொரு தடயம் வந்தால் அவர் எடை 16, மொத்தம் 20, பங்கு 80 விழுக்காடு. மூன்றாவதும் வந்தால் 64/68, ஏறத்தாழ 94 விழுக்காடு. ஒரே ஒரு ‘பெரிய’ தடயம் தேவையில்லை. மூன்று நடுத்தரத் தடயங்கள் போதும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்படுகின்றன.

முதலாவது: ஐவருக்கும் சமமாகப் பொருந்தும் செய்தி சான்றே அன்று. எல்லா எடைகளையும் ஒரே எண்ணால் பெருக்கினால் பங்குகள் மாறமாட்டா.

இதைத் தமிழர்களுக்கு விளக்கச் சிலப்பதிகாரத்தை விடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமா? கோவலன் கையில் ஒரு சிலம்பு இருக்கிறது. அது அரசியின் காணாமற்போன சிலம்பைப் போலவே இருக்கிறது. அது அரசியின் சிலம்பே என்றாலும் வெளித்தோற்றம் அப்படித்தான் இருக்கும். கண்ணகியின் சிலம்பு என்றாலும் அப்படித்தான் இருக்கும். ஆகவே தோற்றத்துக்குச் சான்று மதிப்பு மிகக் குறைவு. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன் அதையே முழுச் சான்றாகக் கொண்டான். ஓர் உயிர் போயிற்று. பிறகு கண்ணகி வந்து சிலம்பை உடைக்கிறாள். அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். இரண்டு கருதுகோள்களையும் பிரித்துக் காட்டும் சோதனை அதுதான். அச்சோதனையை முன்பே செய்திருக்கலாம். எந்தக் கருவியும் தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவது உண்மை இன்னும் முக்கியமானது. தொடக்கத்தில் ஒருவருக்கு எடை 0 கொடுத்துவிட்டால், எத்தனை தடயம் வந்தாலும் அது 0ஆகவே இருக்கும். பூச்சியத்தை நான்கால் பெருக்கினாலும் நான்காயிரத்தால் பெருக்கினாலும் பூச்சியமே. திறமையான கதாசிரியர்கள் இந்தப் பூச்சியத்தில்தான் உண்மையை ஒளித்து வைக்கிறார்கள்.

‘அந்த நாள்’ ஒளித்து வைத்தது எதை?

படத்துக்குத் திரும்புவோம். கொலையுண்டவன் ராஜன், வானொலிப் பொறியாளன். சிவாஜி கணேசன் நடித்த வேடம். காலம் 1943 அக்டோபர். ஜப்பானிய விமானம் சென்னை மீது குண்டு வீசிய நேரம். சந்தேகத்துக்கு உரியவர்கள் ஐவர்: மனைவி உஷா, சொத்துத் தகராறு உள்ள தம்பி, தம்பியின் மனைவி, ராஜனோடு தொடர்புள்ள நடனப் பெண், அக்கம்பக்கத்துக்காரர். ஜாவர் சீதாராமன் திரைக்கதையையும் எழுதித் துப்பறியும் அதிகாரியாகவும் நடித்திருக்கிறார். அவர் ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். ஒவ்வொருவரும் தாம் நினைப்பதைச் சொல்ல, அது காட்சியாக விரிகிறது.

அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) இப்படத்துக்குத் தூண்டுகோல் என்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ‘ராஷோமோன்’ படத்தில் உண்மை இன்னது என்று நமக்கு உறுதியாகத் தெரிவதேயில்லை. ‘அந்த நாள்’ படத்தில் தெரிகிறது. ராஜன் எதிரிக்குத் தகவல் கொடுத்துவந்த ஒற்றன். அதை அறிந்த, நாட்டுப்பற்று மிக்க உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவன் உயிரைப் பறிக்கிறது.

என் அக்கா மகன் ‘யார்’ என்பதைச் சொல்லிவிட்டான். ஆனால் படத்தின் உண்மையான திருப்பம் ‘யார் சுட்டார்’ என்பதில் இல்லை. ‘சுடப்பட்டவன் யார்’ என்பதில் இருக்கிறது. சந்தேகம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது: சொத்து, பணம், பொறாமை, கள்ளத் தொடர்பு. நாமும் இவற்றுள் எது என்று எடைபோட்டுக்கொண்டிருக்கிறோம். காரணமோ வீட்டுக்கு வெளியே, போரில் இருக்கிறது. கதாநாயகன் நாட்டைக் காட்டிக்கொடுப்பான் என்ற கருதுகோளுக்கு அன்றைய பார்வையாளர் எடை 0 கொடுத்திருப்பார். கணவனை மனைவி சுடுவாள் என்பதற்கும் ஏறத்தாழ 0தான்.

இவ்வளவுக்கும் படம் நம்மை ஏமாற்றவில்லை என்பதே அதன் சிறப்பு. இரண்டு பெரிய தடயங்கள் கண்முன்னே கிடக்கின்றன. காலம், போர்க்காலம். தொழில், வானொலி. போர்க்காலத்தில் செய்தியைக் கம்பியின்றித் தொலைவுக்கு அனுப்பத் தெரிந்தவன் யாராக இருக்க முடியும்? ராஜன் மருத்துவனாகவோ வழக்கறிஞனாகவோ இருந்திருந்தால் இக்கதை நடந்திராது.

பின் ஏன் இவை தடயமாகத் தோன்றவில்லை? 1954இல் திரையரங்கில் அமர்ந்தவர்களுக்கு 1943 என்பது பதினோரு ஆண்டுக்கு முந்தைய சொந்த நினைவு. வடசென்னைத் துறைமுகப் பக்கத்து மக்களுக்கோ குண்டு என்பது அதற்கும் முந்தைய நினைவு. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. ‘எம்டன்’ என்ற சொல்லே தமிழில் நிலைத்துவிட்டது. 1942இல் ஜப்பானியர் வருவார்கள் என்று அஞ்சி மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையை விட்டு வெளியேறினார்கள். இவ்வளவு பழகிய செய்தி படத்தில் வந்தபோது, அதைக் கதையின் பின்னணி என்றே எடுத்துக்கொண்டிருப்பார்கள். மிகவும் பழகியது தடயமாகத் தெரிவதில்லை. இன்று பார்க்கும் என் அக்கா மகனுக்கோ 1943இல் சென்னையில் குண்டு விழுந்ததே தெரியாது. அவனுக்கும் அது தடயமாகவில்லை. அதிகம் தெரிந்தவரும் ஒன்றும் தெரியாதவரும் ஒரே இடத்தில் தவறினார்கள்.

பிறர் சொல்லும் ஊகங்களைக் காட்சிகளாகக் காட்டுவது நேர்மையா என்று சிலர் கேட்கலாம். நேர்மையே. ஒவ்வொரு காட்சியும் யார் வாயிலிருந்து வருகிறது என்பது நமக்குச் சொல்லப்படுகிறது. சொல்பவரின் ஊகத்தை நடந்த நிகழ்ச்சியாக நாம் எடுத்துக்கொண்டால் குற்றம் நம்முடையது. ஒரு குறையும் எனக்குப் படுகிறது. தன் திறமைக்கு நாடு மதிப்பளிக்கவில்லை என்ற மனக்குறை ராஜனைத் துரோகத்துக்குத் தள்ளுகிறது. அறிவியல் கற்ற ஒருவன் அந்தப் படுகுழிக்கு எப்படிப் படிப்படியாக இறங்கினான் என்பதைப் படம் இன்னும் பொறுமையாகக் காட்டியிருக்கலாம். கொலைக்குக் கிடைத்த விளக்கம் துரோகத்துக்குக் கிடைக்கவில்லை.

‘புதிய பறவை’யின் ரயில்

பத்து ஆண்டுக்குப் பின் வந்த ‘புதிய பறவை’ (1964) வேறொரு வழியைக் கையாள்கிறது. இயக்கியவர் தாதா மிராசி. கோபாலின் முதல் மனைவி சித்ரா ரயிலில் அடிபட்டு இறந்துவிட்டாள். அவன் லதா என்ற பெண்ணை மணக்க இருக்கும் நேரத்தில், நான்தான் சித்ரா என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். அவளை எல்லோரும் நம்புகிறார்கள். கோபால் ஒருவன்தான் மறுக்கிறான்.

நம் முன் இரண்டு கருதுகோள்கள் வைக்கப்படுகின்றன. வந்தவள் சொத்துக்காக நடிக்கிறாள். அல்லது கோபாலுக்கு மனம் பேதலித்துவிட்டது. இரண்டில் எது என்றே நாம் தவிக்கிறோம். மூன்றாவதாக ஒன்று இருப்பது கடைசியில் தெரிகிறது. கோபால் அறைந்ததால்தான் சித்ரா இறந்தாள். உடலைத் தண்டவாளத்தில் கிடத்தித் தற்கொலையாக்கியவன் அவனே. வந்தவள், லதா உட்பட எல்லோரும் காவல்துறையினர்.

இப்படத்தில் ஒரு தடயம் என்னைக் கவர்ந்தது. ரயிலைக் கண்டால் கோபால் கலங்குகிறான். ஏன் என்ற கேள்வி எழுவதற்குள் விடையும் கிடைத்துவிடுகிறது: மனைவி ரயிலில் அடிபட்டு இறந்தவளாயிற்றே! விடை கிடைத்ததும் நாம் அத்தடயத்தை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். துயரத்துக்குப் பொருந்தும் அந்தக் கலக்கம் குற்ற உணர்வுக்கும் அதே அளவு பொருந்தும் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு விளக்கம் பொருந்துகிறது என்பதால் வேறு விளக்கம் இல்லை என்று ஆகிவிடாது. தேர்வுத் தாளில் முதலில் தோன்றிய விடையைச் சரிபார்க்காமல் விடும் மாணவர் செய்யும் தவறும் இதுவே.

இருபுறமும் பொருந்தும் சான்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படத்தில் வரும் காவல்துறையினர் கண்ணகி செய்ததைச் செய்கிறார்கள். இரண்டு கருதுகோள்களையும் பிரித்துக் காட்டும் ஒரு சோதனையை அமைக்கிறார்கள். கொன்றவனுக்கு மட்டுமே தெரிந்த செய்தியை அவன் வாயாலேயே வரவழைக்கும் சோதனை அது.

ஆயினும், இத்தனை பேர் இத்தனை நாள் பிசகில்லாமல் நடித்தார்கள் என்பதை நம்பச் சற்றுச் சிரமப்பட வேண்டியிருக்கிறது. திரையரங்கில் நம்மைத் தூக்கிப்போடும் முடிவு அது. ஆனால் வீட்டுக்கு வந்து யோசிக்கும்போது ‘அந்த நாள்’ அளவுக்கு உறுதியாக நிற்கவில்லை.

வியப்பு மலிவானது

இங்கே ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது. கிளாட் ஷானன் 1948இல் தகவலை அளக்கும் முறையை வகுத்தார். ஒரு நிகழ்ச்சியின் நிகழ்தகவு குறையக் குறைய, அது நிகழ்ந்தது என்னும் செய்தியில் உள்ள தகவல் கூடும். இரண்டில் ஒன்று நிகழ்தகவு உள்ள செய்தி 1 பிட். எட்டில் ஒன்று என்றால் 3 பிட். 1024இல் ஒன்று என்றால் 10 பிட். இதை வியப்பின் அளவு என்றும் கொள்ளலாம்.

அப்படியானால், மிகச் சிறந்த திருப்பத்தை உண்டாக்குவது மிக எளிது! கடைசிப் பக்கத்தில், இதுவரை வராத ஒரு பால்காரர்தான் கொலையாளி என்று எழுதிவிட்டால் போதும். நிகழ்தகவு மிகமிகக் குறைவு. வியப்போ மிகமிக அதிகம். ஆனால் அந்தப் புத்தகத்தை நாம் சுவரில் எறிவோம். ஆகவே வியப்பு மட்டும் தகுதி ஆகாது. முடிவு தெரிந்தபின் திரும்பிப் பார்த்தால், முன்பு சிதறிக் கிடந்த செய்திகள் எல்லாம் அதனோடு பொருந்த வேண்டும். முன்னால் வியப்பு, பின்னால் பொருத்தம் – இரண்டும் சேர்ந்ததே நல்ல திருப்பம்.

அறிவியல் வரலாற்றில் இதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. 1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் உலோகத் தகடுகளின் மீது ஆல்ஃபா துகள்களைச் செலுத்தினார்கள். நேர் மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருக்கிறது என்ற அன்றைய தாம்சன் மாதிரியின்படி, துகள்கள் சிறிதே விலகிச் செல்ல வேண்டும். ஆனால் ஏறத்தாழ 8000இல் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. யாரும் எதிர்பாராத திருப்பம். அதைப் பிழை என்று தள்ளாமல் ரூதர்ஃபோர்டு யோசித்தார். 1911இல் அணுவின் நடுவே மிகச் சிறிய கரு உண்டு என்று சொன்னார். அதன்பின் எல்லாம் பொருந்தின: பெரும்பாலான துகள்கள் ஏன் நேராகச் சென்றன என்பதும், ஒரு சில ஏன் திரும்பின என்பதும்.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா?

2011இல் அமெரிக்காவில் சான் டியேகோ நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுகதைகளைச் சிலருக்கு முடிவைச் சொல்லிவிட்டும், சிலருக்குச் சொல்லாமலும் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே கதைகளைச் சற்று அதிகமாக விரும்பியதாகத் தெரிந்தது. 2015இல் வேறு ஆய்வாளர்கள் செய்த ஆய்வில் இதற்கு மாறான விளைவு கிடைத்தது. ஆகவே இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ‘முடிவு தெரிந்தால் எல்லாம் போயிற்று’ என்று அடித்துச் சொல்ல முடியாது என்பது மட்டும் தெளிவு.

நம் ஊர்த் தெருக்கூத்து இதை என்றோ அறிந்திருக்கிறது. திரௌபதியின் துகில் பறிக்கப்படும் கதையை முதன்முதலாகக் கேட்பவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இலர். ஆயினும் விடியும்வரை கண் விழித்துப் பார்க்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் பதிகம் கோவலன் கொலையுண்பதையும் மதுரை எரிவதையும் நூலின் வாயிலிலேயே சொல்லிவிடுகிறது. கதை சிதைந்துவிடவில்லை. முடிவை அறிந்து படிப்பவன், அது எப்படி வந்தது என்பதை ஒவ்வோர் அடியிலும் கவனிக்கிறான். இங்கேதான் தவறினார்கள், இங்கேதான் தடுத்திருக்கலாம் என்று அவன் மனம் பதைக்கிறது.

பூச்சியம் கொடுத்த ஆசிரியர்

கதையில் தவறாக ஊகித்தால் நட்டம் ஒன்றுமில்லை. வாழ்க்கையில் அப்படியன்று. என் ஊர்ப் பெயரைச் சொன்னாலே, “ஜெயில் இருக்கிற ஊரா?” என்று கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. மத்திய சிறை புழலுக்கு வந்தது 2006இல். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல், சென்னை மாநகரம் குடித்துவருவது புழல் ஏரியின் தண்ணீரை. ஆனால் கேட்பவர்களின் எடைப் பட்டியலில் ஏரி வருவதில்லை. சிரித்துவிட்டுப் போனால் சரி. விடுதியில் ஒரு பொருள் காணாமற்போகும்போது அதே ஊகம் ஒரு மாணவர் மேல் பாய்ந்தால்? வெளிமாநிலத்துத் தொழிலாளர் மேல் பாய்ந்தால்? தோற்றத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிய பாண்டியனின் கதைதான்.

இதைப் பிறருக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், தவறு செய்த தகுதிதான். அந்த இரு மாணவர்களிடம் திரும்புவோம்.

995, 991, 988. நீளம் குறையக் குறைய விடை கூடிக்கொண்டே போகிறது. கவனக்குறைவால் வரும் பிழைகள் இப்படி வரிசையில் நிற்கமாட்டா. மேலும் கீழுமாகச் சிதறும். ஒழுங்கான பிழைக்கு ஒழுங்கான காரணம் இருக்க வேண்டும். இயற்பியல் ஆசிரியரான நான் இதை அன்றே கவனித்திருக்க வேண்டும். சில வாரங்களுக்குப் பிறகு வேறொரு வேலைக்காக அந்த மேசையிலிருந்த மர அளவுகோலை எடுத்தேன். அதன் முனை தேய்ந்து உடைந்து, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் காணப்படவில்லை. முனையைப் பூச்சியமாகக் கொண்டு அளந்தால், 59 செ.மீ. நீளம் 60 என்று படும்.

கணக்கிட்டுப் பாருங்கள். சென்னையில் புவியீர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 978.3. புத்தகத்தில் பொதுவாகத் தரப்படும் 981 அன்று. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது குறைவதே காரணம். 978.3ஐ 60/59ஆல் பெருக்கினால் 995. 80/79ஆல் பெருக்கினால் 991. 100/99ஆல் பெருக்கினால் 988. நான் ‘கவனக்குறைவு’ என்று எழுதிய மாணவர், உடைந்த அளவுகோலைக் கொண்டு தவறில்லாமல் அளந்திருக்கிறார்.

அப்படியானால் அதே மேசையில் அதே அளவுகோலால் அளந்த மற்றவருக்கு 981 எப்படிக் கிடைத்தது? அவரைக் கேட்டேன். தலை குனிந்தார். முடிவு தெரிந்த கதையாயிற்றே, பின்னாலிருந்து முன்னால் எழுதிவிட்டார். ரிச்சர்ட் ஃபைன்மன் 1974இல் ஆற்றிய ஓர் உரையில், எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மில்லிகனுக்குப் பின் அளந்தவர்களும் இதற்கு நெருங்கிய தவறைச் செய்ததாகச் சொல்கிறார். மில்லிகனின் எண்ணிலிருந்து மிகவும் விலகிய விடை வந்தால் பிழையைத் தேடினார்கள். ஒத்து வந்தால் தேடவில்லை. பெரிய விஞ்ஞானிகளுக்கே அந்தக் கதி என்றால், மதிப்பெண்ணுக்கு அஞ்சும் ஒரு மாணவர் மேல் மட்டும் கோபிப்பது எப்படி?

தவறு என்னுடையதுதான். ‘அளவுகோல் உடைந்திருக்கலாம்’ என்ற கருதுகோளுக்கு நான் பூச்சியம் கொடுத்திருந்தேன். ‘சரியான விடை பொய்யாக இருக்கலாம்’ என்பதற்கும் பூச்சியமே. முதல் மாணவரிடம் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சிவப்பு மை எழுத்தை அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். இப்போது செய்முறை வகுப்பில் விடையை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். அளவீட்டு அட்டவணையை முதலில் பார்க்கிறேன்.

நீங்களும் செய்து பாருங்கள்

அடுத்த முறை ஒரு துப்பறியும் கதையைப் படிக்கும்போதோ படம் பார்க்கும்போதோ, ஒரு தாளில் சந்தேகத்துக்குரியவர்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எடை கொடுங்கள். யாருக்கும் பூச்சியம் வேண்டா. ‘இவர்களில் எவரும் அல்லர், கேள்வியே வேறு’ என்று ஒரு வரியும் சேர்த்து, அதற்கும் ஓர் எடை கொடுங்கள். ஒவ்வொரு தடயம் வந்ததும் எடைகளை மாற்றுங்கள்; ஏன் மாற்றினீர்கள் என்று பக்கத்தில் ஒரு சொல் எழுதுங்கள். முடிவில் நீங்கள் தோற்றாலும் பரவாயில்லை. எந்த வரியில் தோற்றீர்கள் என்பது தாளிலேயே தெரியும். வெற்றி பெற்றாலும், தடயத்தால் வென்றீர்களா, பழக்கத்தால் வென்றீர்களா என்பதும் தெரியும்.

என் அக்கா மகனுக்கும் இதே வேலையைக் கொடுத்தேன். முடிவு தெரிந்த ‘அந்த நாள்’ படத்தை மறுபடி பார்த்தான். முதல் முறையைவிடக் கவனமாகப் பார்த்தான் என்று அக்கா சொன்னாள். மறுநாள் தாளோடு வந்தான். முதல் வரியில் இப்படி எழுதியிருந்தான்: ‘ரேடியோ இன்ஜினியர் என்று சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.’

இம்முறை நான் சொன்ன “சபாஷ்” உண்மையானது.